மானிப்பாய் மண்ணுக்கு ஒரு செட்டப் ஷீட்

"உது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான்." யாழ்ப்பாணத்தில் ஆர்.சி கார் வைத்திருக்கிற எவரும் ஒருக்காவது கேட்ட வசனம். இதைச் சொல்லுகிற பெரியாக்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர்கள் அந்தக் காரைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்ததே இல்லை. என்னுடைய சண்டை, அதைக் கழட்டிப் பூட்டத் தெரிந்த எங்கட ஆக்களோடுதான். கார் ஒரு பக்கம் இழுத்தால் சரிப்படுத்துவார்கள், வளைவில் பிரண்டால் நிறுத்துவார்கள். ஆனால் என்ன செய்து நிறுத்தினார்கள் என்று ஒரு வரி எழுதிவைக்க மாட்டார்கள். கேட்டால் "எல்லாம் யூரியூப்பில கிடக்கு" என்ற பதில்.

கிடக்குத்தான். ஆங்கிலத்தில் கிடக்கு. வேறு நாட்டு நிலத்துக்குக் கிடக்கு. எங்கட நிலத்திலும் எங்கட வெயிலிலும் ஓடுகிற காருக்கான செட்டப்பை நாங்கள்தான் எழுதவேணும், அதையும் தமிழில் எழுதவேணும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

விசயம் தெரியாத ஆக்களுக்கு முதலில் ஒரு விளக்கம். கடையில் வாங்குகிற விளையாட்டுக் கார் பழுதானால் எறிய வேண்டியதுதான். ஹொபி கார் அப்படியில்லை. ஒவ்வொரு துண்டையும் கழட்டலாம், மாற்றலாம், நகர்த்தலாம். ஜப்பானின் தமியா கொம்பனி 1976இல் போர்ஷ 934 காரைப் பூட்டி எடுக்கிற கிட்டாக விற்கத் தொடங்கியதில் இருந்து இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சுவை ஓட்டுவதிலும் மறுபாதி திருகாணியிலும்தான் இருக்கிறது. அந்த மறுபாதிக்குப் பெயர்தான் செட்டப்.

அதைத் தமிழில் சொல்ல ஏலாது என்பவர்களுக்காக, இப்போதே சொல்லிப் பார்க்கிறேன்.

தமியாவின் ரி.ரி-02 என்ற மலிவான காரை எடுப்போம். மோட்டரில் பூட்டுகிற சின்னப் பற்சில்லு பினியன், அதற்கு 22 பல். அது சுழற்றுகிற பெரிய பற்சில்லு ஸ்பர், அதற்கு 70 பல். அதற்குப் பிறகு உள்ளுக்குள் இன்னொரு 2.6 மடங்கு குறைப்பு. 70ஐ 22ஆல் பிரித்து 2.6ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8.27. அதாவது ரயர் ஒருக்காச் சுற்ற மோட்டர் 8.27 தரம் சுற்றவேணும். பினியனை 20 பல்லாக மாற்றினால் அந்தக் கணக்கு 9.1 ஆகும். நேர் ஓட்டத்தில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் நின்ற இடத்தில் இருந்து துள்ளி எழும்பும், மோட்டரும் குறைவாகச் சுடும். சின்ன நிலத்தில், அடிக்கடி வளைவு வருகிற இடத்தில், இரண்டு பல் குறைந்த கார்தான் முன்னுக்கு வரும்.

இப்போது காரை மேலே இருந்து பாருங்கோ. முன் ரயர்கள் இரண்டின் மூக்கும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பியிருந்தால் அது ரோ-இன், வெளியே திரும்பியிருந்தால் ரோ-அவுட். முன்பக்கம் கொஞ்சம் ரோ-அவுட் வைத்தால் கார் வளைவுக்குள் சட்டென்று நுழையும், நேர் ஓட்டத்தில் கொஞ்சம் அலையும். பின்பக்கம் ரோ-இன் வைத்தால் வால் வீசாமல் அடங்கி வரும். அடுத்தது, காரை முன்னால் இருந்து பாருங்கோ. ரயரின் மேல்பக்கம் காருக்கு உள்ளே சாய்ந்திருந்தால் அது நெகற்றிவ் கேம்பர். வளைவில் கார் வெளிப்பக்கம் சரியும்போது, பாரம் ஏறுகிற வெளி ரயர் விளிம்பில் நிற்காமல் நிலத்தில் முழுதாகப் பதிவதற்குத்தான் அந்தச் சாய்வு.

இவ்வளவில் விளங்காதது ஏதும் இருந்ததா? ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளங்காதா? பிறகு ஏன் தமிழில் எழுத ஏலாது என்கிறோம்?

எழுதாததால் என்ன நடக்கிறது? அறிவு இருக்கவேண்டிய இடத்தில் காசு வந்து நிற்கிறது. கார் நினைத்தபடி ஓடவில்லை என்றால் எங்கட பெடியள் சொல்லுகிற முதல் மருந்து, "மோட்டரை மாத்து". மணல் தூவிக் கிடக்கிற சீமெந்து நிலத்தில், ரயர் ஏற்கெனவே பிடிமானம் இல்லாமல் சும்மா சுழலுகிற காருக்கு இன்னும் பலமான மோட்டர் போட்டால் என்ன ஆகும்? இன்னும் சும்மா சுழலும். வெளிநாட்டில் இருந்து மாமா அனுப்பிய காசு அந்தப் புழுதியில் போகும். அதே காருக்குக் காசில்லாமல் செய்யக்கூடிய வேலை எவ்வளவோ இருக்கிறது. ரயரைத் துடைக்கலாம். றிமோட்டில் ஸ்ரியரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்து, சேர்வோவின் கையைக் கழட்டி நேராகப் பூட்டலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காரைக் கையால் தள்ளி நேராகப் போகுதோ என்று பார்க்கலாம். முன்பக்கத்தின் சரி நடுவில் ஒரு கத்தி நுனியை வைத்து மெல்ல உயர்த்தி, இரண்டு ரயரும் ஒன்றாக நிலத்தை விட்டு எழும்புதோ என்று பார்க்கலாம். ஒன்று முந்தி எழும்பினால் சட்டகம் முறுகியிருக்கு, அல்லது ஒருபக்க ஸ்பிரிங் கூட இறுகியிருக்கு. இதற்குத் தேவை ஒரு கத்தியும் பத்து நிமிசமும்தான்.

"ஆங்கிலத்தில வாசிச்சால் காணும்தானே?" இது அடுத்த கேள்வி. காணாது. அது மொழியால் மட்டும் வருகிற குறையில்லை. வெளிநாட்டுப் போட்டிக்காரர் வெளியிடுகிற செட்டப் ஷீட் பெரும்பாலும் கம்பள விரிப்புக்கும், கூட்டித் துடைத்த தார்த் தடத்துக்கும் எழுதப்பட்டது. அங்கே ரயர் நிலத்தை ஒட்டிப் பிடிக்கும். அதனால் ஸ்பிரிங்கை இறுக்கி, காரை நிலத்தோடு ஒட்டத் தாழ்த்துவார்கள். அதை அப்படியே பிரதி பண்ணி மானிப்பாயில் ஒரு மைதானத்து ஓரத்தில் விட்டால், முதல் கல்லிலேயே அடிச்சட்டகம் தட்டும். வலிகாமத்துச் செம்மண் புழுதி பெயரிங்குக்குள் புகுந்து அரைக்கும். மத்தியானம் சுடுகிற நிலத்துக்கு மேலே ஷொக் ஒயில் இளகும். காலையில் அடக்கமாக ஓடிய கார் இரண்டு மணிக்குத் துள்ளும். அந்த ஷீட் பிழையில்லை, அது இந்த ஊருக்கு எழுதப்படவில்லை, அவ்வளவுதான். எங்கட நிலத்துக்குக் காரை எவ்வளவு உயர்த்தவேணும், எந்தத் தடிப்பு ஒயில் வேணும், எத்தனை ஓட்டத்துக்கு ஒருக்கா பெயரிங் கழுவவேணும் என்று அங்கே இருக்கிறவன் எழுதித் தரமாட்டான்.

நுட்பமாகச் சரிப்படுத்துவது எங்களுக்குப் புதிதும் இல்லை. பட்டம் கட்டுகிற எவரையும் கேளுங்கோ. முச்சை கொஞ்சம் பிசகினால் பட்டம் சுத்திக் குத்தும். எந்த நூலை எவ்வளவு இழுத்துக் கட்டவேணும், வாலில் எவ்வளவு பாரம் கூட்டவேணும் என்பதெல்லாம் செட்டப் இல்லாமல் வேறென்ன? தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்த ஒருவர், "உது விளையாட்டுச் சாமான்" என்று வாய் திறக்க யோசிப்பார்.

இன்னும் பெரிய உதாரணம் எங்கட வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. யாழ்ப்பாணம் மோட்டர் சைக்கிளையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். இது சின்ன விசயமா? நெருக்கடிக்குள் ஒரு சமூகமே செய்த ரியூனிங் அது. ஆனால் இன்றைக்கு அந்தக் காலத்து ஆக்களிடம் கேட்டால் எங்களுக்கு என்ன கிடைக்கிறது? கதை கிடைக்கும், அளவு கிடைக்காது. எத்தனை துளி, எந்தச் சூட்டில் மாற்றினார்கள், பிளக்கை எத்தனை நாளுக்கு ஒருக்காத் துப்பரவு செய்தார்கள் என்றால் சிரித்துவிட்டு "அது கைப்பழக்கம்" என்பார்கள். கைப்பழக்கம் கையோடு போய்விடும். அவர்களைக் குறை சொல்லவில்லை. உயிரைக் கையில் பிடித்திருந்த காலத்தில் யார் குறிப்புப் புத்தகம் எழுதுவது? எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. கையில் போன் இருக்கு, பின்னேரம் இருக்கு.

இதை மானிப்பாயில் இருந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், இந்த ஊரில் மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். அப்படிப் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் வேறு ஊர்களுக்கும் போனார்கள். 1860களில் அவர் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவர் ஊரில் நின்று ஊர் ஆக்களைப் பார்ப்பார் என்பது அவருடைய கணக்கு. அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரணவைத்தியம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் புத்தகம் வந்தது. மனித உடம்பின் எலும்பையும் நரம்பையும் நூற்றைம்பது வருசத்துக்கு முன் தமிழில் படித்த ஊரில் இருந்துகொண்டு, நாலு ரயரையும் ஒரு மோட்டரையும் தமிழில் எழுத ஏலாது என்று சொல்ல எங்களுக்கு வெட்கம் வரவேணும்.

தனித்தமிழ் ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. கேம்பருக்கு நல்ல தமிழ்ச் சொல் கண்டுபிடித்த பிறகுதான் எழுதலாம் என்றால், அந்த நாள் வராது. கிறீனின் வேதியியல் புத்தகம் 1875இல் வந்தபோது அதன் பெயர் "கெமிஸ்தம்". கிடைத்த இடத்தில் தமிழ்ச் சொல், கிடைக்காத இடத்தில் வந்த சொல்லுக்கே தமிழ் உடுப்பு. கேம்பர் கேம்பராகவே இருக்கட்டும். அதைச் சுற்றியிருக்கிற வசனம் தமிழாக இருந்தால் விளங்கிவிடும். சொல் பிறகு தானாக வரும், முச்சை என்ற சொல்லை ஒரு குழு கூடி ஆக்கித் தரவில்லை.

எழுதாத அறிவு எல்லாருக்கும் போகாது. வாய்வழியாகப் போகிற அறிவு, அந்த வாய்க்குப் பக்கத்தில் நிற்க விடப்பட்டவனுக்கு மட்டும்தான். கராஜ் வாசலில், மைதானத்து மதிலில், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு யார் நிற்கலாம்? பெடியள் நிற்கலாம். ஒரு பெட்டை நின்றால் அடுத்த நாள் ஊர் கதைக்கும். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிடமும் "உங்களுக்கு உதெல்லாம் விளங்காது" என்று சொல்ல ஆள் இருக்கு. ஆங்கிலம் தெரிந்தவன் யூரியூப்பில் பார்ப்பான், காசு இருக்கிறவன் புது மோட்டர் வாங்குவான், ஆண்பிள்ளை கராஜில் கேட்பான். மிச்ச ஆக்கள் என்ன செய்வது? தமிழில் எழுதிய ஒரு பக்கம் யாரையும் வாசலில் மறிக்காது. "சும்மா ஒரு பொழுதுபோக்குத்தானே" என்று இதைத் தட்டிவிடுகிறவர்கள் யோசிக்கவேணும். பொழுதுபோக்கில்கூட அறிவைப் பங்குபோடாத சமூகம், பெரிய விசயத்தில் பங்குபோடுமா?

ஆகவே வேலையைத் தொடங்குவோம். ஒரு கொப்பித் தாள் காணும். திகதி, நேரம், வெயிலா மப்பா. நிலம் எது: சீமெந்தா, தாரா, செம்மண்ணா. எந்த ரயர், பினியன் எத்தனை பல், காரின் அடி நிலத்தில் இருந்து எத்தனை மில்லிமீற்றர், ஷொக் ஒயில் என்ன தடிப்பு, முன்னுக்குப் பின்னுக்கு ரோ எவ்வளவு, கேம்பர் எவ்வளவு, ஓடி முடித்த பிறகு மோட்டரில் கை வைக்க முடிந்ததா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கோ. இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சரிவராவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அதையும் எழுதுங்கோ, சரிவராததும் அடுத்த ஆளுக்கு உதவும்.

எழுதியதைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ. எழுத்துப்பிழை பார்க்க மாட்டோம். தாளின் அடியில் இரண்டு வரி மட்டும் கட்டாயம் இருக்கவேணும்: என்ன மாத்தினீங்கள், கார் என்ன செய்தது.