பழைய மடிக்கணினிக்கு ஓர் அருகலை அட்டை

ஒரு மடிக்கணினி பயனற்றுப் போய்விட்டது என்று வீடுகளில் சொல்லப்படும்போது, பெரும்பாலும் அதன் திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது, விசைகள் இயங்குகின்றன, கோப்புகளும் பத்திரமாக இருக்கின்றன. கம்பியில்லா இணைப்பு கிடைக்கவில்லை என்ற ஒரே குறைக்காக அது பரண் ஏறிவிடுகிறது. சில நூறு ரூபாயில் தீரக்கூடிய இக்குறை ஏன் தீராமல் நிற்கிறது என்பதில் மூப்பை விடவும் உற்பத்தியாளரின் பூட்டுக்குப் பங்கு அதிகம் என்பது நம் துணிபு.

நாம் வாழும் போச்சம்பள்ளியின் சிப்காட் வளாகத்தில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் போனால் ஐபோனுக்கான உறுப்புகளை டாடா எலக்ட்ரானிக்ஸ் செய்கிறது. விடியுமுன் நிறுவனப் பேருந்துகளில் ஏறிச் செல்லும் பெண்கள் பலரின் வீட்டிலுள்ள ஒரே கணினி, அரசு தந்த மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய அத்திட்டத்தின் வழி 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் பெற்றதைத் தங்கை இளங்கலைக்கு எடுத்து வருகிறாள். வந்ததும் சொல்லும் முதல் சொல், "நெட் வரமாட்டேங்குது சார்" என்பது.

கைப்பேசி இருக்கிறதே என்பார் உளர். ஐம்பது பக்க ஆய்வேட்டைக் கைப்பேசியில் தட்டச்சு செய்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தையும் ஒருபுறம் திறந்து வைத்து, மறுபுறம் எழுதுவதற்குப் பத்தாண்டுப் பழைய கணினியே தாராளம். செய்யுளும் உரையும் படிக்கப் பெரிய ஆற்றல் ஒன்றும் வேண்டியதில்லை.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. கைப்பேசியை மின்னேற்றும் கம்பியாலேயே கணினியோடு இணைத்து, அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கிவிட்டால் போதும். கணினி அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்தது, கடைகளில் டாங்கிள் என்று கேட்டால் தரும் விரல் நுனி அளவுச் செருகி. இதில் கவனிக்க வேண்டியது உள்ளிருக்கும் சில்லு. அதற்கான இயக்கி மென்பொருளைச் சின்னஞ்சிறு குறுவட்டில் தருவார்கள். நம் கணினியின் வட்டு இயக்ககமோ கண்ணை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இணையத்திலிருந்து இறக்கலாமென்றால் அதற்கு இணையம் வேண்டும். கிணற்றில் இறங்கக் கயிறு தேவை, கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது என்ற கதை. முன்சொன்ன டெதரிங் அப்போது கைகொடுக்கும். செருகி, 2.4 கிகாஹெர்ட்ஸோடு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் ஏற்பதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

நமக்குப் பிடித்தது மூன்றாவது வழி. கணினியைக் கவிழ்த்து, மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அடிமூடியைத் திருப்புளியால் திறந்தால் பல மாதிரிகளில் தீப்பெட்டியினும் சிறிய அட்டை ஒன்று தெரியும். அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரு மெல்லிய கம்பிகள் பொத்தான் போலப் பொருத்தப்பட்டிருக்கும். அவை கீல் வழியே ஏறித் திரைக்குப் பின்னால் உள்ள அலைவாங்கிகளுக்குப் போகின்றன. பழைய அட்டையை எடுத்துப் புதியதைச் செருகி, அக்கம்பிகளை மாட்டினால் வேலை முடிந்தது. அட்டை வாங்க எமக்குச் சென்னை ரிச்சி தெருவை விடப் பெங்களூர் எஸ்.பி. சாலை கிட்டம்.

முடிந்தது என்றோம், சில கணினிகளில் முடிவதில்லை. தான் ஒப்புக்கொண்ட அட்டைகளின் பட்டியலொன்றைத் தயாரிப்பாளரே பயாஸில் எழுதி வைத்திருப்பார். பட்டியலில் இல்லாத அட்டையைச் செருகினால், கணினி தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும். திங்க்பேட் வரிசையின் பழைய மாதிரிகளில் தோன்றும் 1802 என்ற பிழை எண் இவ்வகையில் பேர்பெற்றது. அலைபரப்பும் கருவிக்கு, அலைவாங்கியும் அட்டையும் சேர்த்தே சான்று பெறப்படுகிறது, ஆகவே மாற்ற விடமாட்டோம் என்பது அவர்கள் தரப்பு. அதே கணினியின் பக்கவாட்டில் எந்தச் செருகியைச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளப்படுகிறதே! அந்த வாதம் நமக்கு நிறைவளிக்கவில்லை.

வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கம்பியில்லாக் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்ற 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது. அப்படிப்பட்ட நாட்டில், 2005 சனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு விதி வகுத்தது. 2018இல் 5 கிகாஹெர்ட்ஸிலும் பெரும்பகுதி திறந்துவிடப்பட்டது. அரசு காற்றின் மீதிருந்த பூட்டை எடுத்தபின், நம் மேசை மீதுள்ள பெட்டிக்குள் இன்னொருவர் பூட்டு வைத்திருப்பதை எப்படி ஒப்புவது? (வைஃபைக்கு 'அருகலை' என்று பெயரிட்டவரை வாழ்த்த வேண்டும். அருகே உள்ள அலை, காரணப்பெயர். கடைக்காரரிடம் அதைச் சொல்லி அட்டை வாங்க முடியாது என்பது வேறு செய்தி.)

பழைய கணினியை இணையத்தில் விடுவது ஆபத்து என்று சொல்வோரின் கவலையில் நியாயமுண்டு. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 சனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் நின்றன. அவற்றை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறப்பது கூடாது. லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்வதே தக்கது. தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். மாணவியர் ஓரிரு நாளில் பழகிவிடுகிறார்கள். தயங்குவோர் ஆசிரியர்களே.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தது. அவ்வாண்டு இறுதியில் அதற்கென இணையதளமும் வந்தது. பயாஸ் பூட்டைத் திறக்க அது போதாது. புதிய மெல்லிய கணினிகள் சிலவற்றில் அருகலைச் சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதால், நாளைக்குத் திருப்புளியும் பயன்படாது.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. இத்தனை இலட்சம் வாங்குபவரின் சொல்லை எந்த நிறுவனமும் தட்டாது. அருகலை அட்டை கழற்றி மாற்றத்தக்கதாய் இருக்க வேண்டும்; பிற நிறுவனத்து அட்டையைப் பயாஸ் மறுக்கக் கூடாது. இனி வரும் ஒப்பந்தப்புள்ளிகளில் இவ்விரண்டையும் சேர்க்க அரைப் பக்கம்கூட ஆகாது.