பொறியியற் கல்வியும் பணிசெயல் முறைமையும்

பொறியியற் பீடத்துட் புகும் மாணவர் முதலில் வாங்குவது ஒரு மடிக்கணனி. அதில் எந்தப் பணிசெயல் முறைமை இருத்தல் வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. கடைக்காரர் எதனை ஏற்றிக் கொடுத்தாரோ அதுவே நான்காண்டுக் கல்வியின் களமாகிவிடுகின்றது. கொங்கிறீற்றுக் கலவையின் விகிதத்தை நாட்கணக்கில் ஆராயும் பீடங்கள், இவ்விடயத்தை மட்டும் வணிகரின் தீர்மானத்துக்கு விட்டுவிட்டமை வியப்புக்குரியது.

பொறியியல் மாணவர் ஒரு பொறியைக் கழற்றிப் பார்த்துக் கற்பவர். கழற்ற முடியாதவாறு முத்திரையிடப்பட்ட இயந்திரத்தை எந்த ஆய்வுகூடமாவது கற்பித்தலுக்கு ஏற்குமா? விண்டோஸின் மூலநிரல் மாணவர் கண்ணுக்கு மறைக்கப்பட்டது. லினக்ஸின் மூலநிரலோ எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடப்பது. வாதத்தின் ஆணிவேர் இதுவே; விலை பற்றிய பேச்சு இதற்குப் பின்னரே வரும்.

இவ்வேற்றுமை வெறுங் கொள்கை வேற்றுமை அன்று. 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடக்கிய யூனிக்ஸ் முறைமை பல்கலைக்கழகங்களிற் பரவியது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோன் லயன்ஸ், பத்தாயிரம் வரிகளுக்கும் குறைந்த அதன் ஆறாம் பதிப்பின் நிரலை எடுத்து, 1976 இல் வரிவரியாக உரை எழுதினார். நம் உரையாசிரியர் மரபை அறிந்தோர்க்கு இம்முயற்சியின் அருமை விளங்கும். ஆயின் 1979 இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையிற் கற்பிப்பதைத் தடுத்தது. லயன்ஸின் உரை நகலுக்கு நகலாகக் கைமாறிப் படிக்கப்பட்டது; 1996 இலேயே அது முறையாக நூலுருப் பெற்றது. அத்தடையால் கற்பித்தற்கு நிரலின்றி நின்ற அம்ஸ்ரடாம் பேராசிரியர் அன்றூ ரனன்போம், தாமே மினிக்ஸ் என்ற சிறு முறைமையை எழுதி 1987 இல் வெளியிட்டார். அதனைப் பயின்ற ஹெல்சிங்கி மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸை வெளியிட்டார். நிரலைப் படிக்க இடமிருந்தபடியால் ஒரு மாணவர் முறைமை ஆக்குநரானார்.

தொழிலகங்கள் விண்டோஸையே கேட்கின்றன என்பாரும் உளர். எந்தத் தொழிலகம்? அலுவலக மேசையைப் பார்த்துச் சொல்லப்படும் கூற்று இது. உலகின் தலைசிறந்த 500 மீக்கணனிகளும் 2017 நவம்பர் தொடக்கம் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் கருவும் அதுவே. பாய்மவியற் கணிப்புக்குரிய ஓப்பன்ஃபோம் பிறந்து வளர்ந்ததும் அச்சூழலிலேதான்.

இன்னொன்றும் உண்டு, அதனைப் பேசப் பலர் கூசுவர். உரிமமின்றிப் படியெடுத்த மென்பொருள் மாணவர் விடுதிகளிற் புழங்குவதை அறியாதார் எவர்? பரீட்சை மண்டபத்திற் பக்கத்து விடைத்தாளை எட்டிப் பாராத நேர்மையாளரும் இதிற் குற்றங் காண்பதில்லை. 2022 இல் டொலரின் விலை சில வாரங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக உயர்ந்த நாட்டில், உரிமக் கட்டணம் செலுத்துக என மாணவருக்கு உபதேசிப்பது எளிதன்று. ஆனால் திருடவும் வேண்டாத, கட்டணமும் வேண்டாத வழி இருக்கையில், அதனைக் காட்டாது விடும் ஆசிரியரும் அத்திருட்டிற் பங்காளரே. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிவடைந்தது; அடுத்த பதிப்பு கேட்கும் வன்பொருள் இல்லாமையால், பழுதற்ற கணனிகள் பலவும் கழிவாகும் நிலை எய்தின. அவற்றில் லினக்ஸ் தாராளமாக இயங்கும்.

இந்நாட்டாரால் இது இயலுமா என ஐயுறுவோர், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் இலங்கையில் உருவான சகானாவை நோக்குக. காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவதற்கு இங்குள்ளோர் திறந்த மூலநிரலில் ஆக்கிய அம்மென்பொருள் பின்னர் பிறநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது.

சொலிட்வேர்க்ஸ் போன்ற வரைதற் பொதிகள் விண்டோஸில் மட்டுமே இயங்குகின்றன என்பது மெய். இயந்திரவியல் மாணவருக்கு அவை தேவை. அவற்றுக்கென முறையான உரிமத்துடன் ஓர் ஆய்வுகூடத்தைப் பீடம் வைத்திருக்கட்டும். அவ்வொரு தேவையைக் காட்டி, முதலாம் ஆண்டு நிரலாக்க வகுப்பு முதல் இறுதியாண்டுச் செயற்றிட்டம் வரை அனைத்தையும் மூடிய பெட்டிக்குள் அடைப்பதற்கே நியாயம் இல்லை.