புகாரை அழித்தால் யாருக்கு லாபம்?

"முடிந்துபோன புகாரைச் சமூக ஊடக நிறுவனம் எதற்குக் கட்டிக் காக்க வேண்டும்? அழித்துவிட்டால் புகாருக்கு ஆளானவருக்கும் நிம்மதி" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சமூக ஊடகத்தில் துன்புறுத்துபவர் ஒரு செய்தியோடு ஓய்வதில்லை. இன்று ஆபாசமாக ஒன்று, அடுத்த மாதம் வேறு கணக்கிலிருந்து இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் அதே பதில்தான் வரும்: "விதிமீறல் ஏதும் இல்லை." பழைய புகார்களைப் பக்கத்தில் வைத்தால்தான் ஒரே ஆளின் வேலை என்று தெரியும்.

சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நீக்கிய பதிவையும் அது சார்ந்த ஆவணங்களையும் நிறுவனம் 180 நாள் வைத்திருந்தால் போதும். நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அரசு அமைப்போ கேட்டால்தான் அதற்கு மேல். ஆனால் ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி வெளியிட்டால் (தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66இ பிரிவு) 3 ஆண்டு வரை சிறை. அவ்வகைக் குற்றங்களை நீதிமன்றம் ஏற்பதற்கான காலவரம்பும் 3 ஆண்டு. வீட்டுக்குப் பயந்து ஓராண்டு கழித்துக் காவல் நிலையம் போகும் பெண்ணுக்கு வழக்குத் தொடுக்க உரிமை இருக்கும், சான்று இருக்குமா?

பொய்ப் புகார்களா? அதற்கும் பதிவேடுதான் மருந்து. வெளிப்படையாகவே ஆதாரமற்ற புகார்களை அடிக்கடி தருபவரின் புகார்களைப் பரிசீலிப்பதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொல்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம். பழையதை அழித்துவிட்டு அவரை எப்படி அடையாளம் காண்பது?

நிரூபிக்கப்படாத புகாரை ஊரறியக் காட்ட வேண்டாம். யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்துங்கள். குறைந்தது அந்த 3 ஆண்டாவது வைத்திருக்கும்படி விதியைத் திருத்துங்கள்.