மேஜிக் காளானும் ஒருபக்கக் கணக்கும்

மக்களே, கொஞ்ச நாளாகவே இதை எழுதக் கை அரித்துக்கொண்டிருந்தது. இங்கே மும்பையில் எங்கள் குடியிருப்புப் பையன்கள் முதல் அலுவலக இளசுகள் வரை ஒரே பேச்சு. எல்.எஸ்.டி., மேஜிக் காளான் எல்லாம் போதை இல்லையாம், மருந்தாம்! யார் சொன்னது? ஆவணப்படம் சொன்னதாம்.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று 2019-ல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபங்கை', 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் நாலு பாகமாக வந்த 'ஹவ் டு சேஞ்ச் யுவர் மைண்ட்' இரண்டையும் உட்கார்ந்து பார்த்தேன். படப்பிடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசுகிற நோயாளிகள் பொய் சொல்லவும் இல்லை. என் புகார் வேறு. இது வரவுப் பக்கம் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிற லெட்ஜர். எச்சரிக்கையெல்லாம் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்களே, அந்த மாதிரிதான்.

பற்றுப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

ஒன்று. காளானில் இருக்கும் சைலோசைபினை, மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் சோதித்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். அதிக அளவு (25 மி.கி.) பெற்றவர்களில் மூன்றாவது வாரம் நல்ல பலன் கண்டவர்கள் 37 சதவீதம். 12 வாரம் வரை அது நிலைத்தது சுமார் 20 சதவீதத்தினருக்கு. கடும் நோயாளிகளுக்கு இது சின்ன விஷயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மந்திரமும் இல்லை.

இரண்டு. எம்.டி.எம்.ஏ. சிகிச்சையை அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்து, இன்னொரு பெரிய சோதனை கேட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பதைப் பலரும் எளிதில் ஊகித்துவிட்டால் அந்தச் சோதனையை எப்படி நம்புவது? நியாயமான கேள்விதானே. இந்த முடிவு 2022-ல் வந்த படத்தில் இருக்க முடியாதுதான். ஆனால் படத்தை இன்றைக்குப் பார்த்துவிட்டு வாதாடுகிறவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்று. இந்தச் சோதனைகளில் சேருவதற்கு முன்பே வடிகட்டிவிடுகிறார்கள். மனச்சிதைவு நோய் இருந்தவர்களை, பெரும்பாலும் அது குடும்பத்தில் இருந்தவர்களையும்கூட, சேர்ப்பதில்லை. எம்.டி.எம்.ஏ. கொடுக்கிற நாளில் சிகிச்சையாளர்கள் இரண்டு பேர் எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஹாஸ்டல் அறையில் பக்கத்தில் யார் இருப்பார்? இன்னொரு போதைக்காரன்!

"ஆஸ்திரேலியாவே அனுமதித்துவிட்டதே அங்கிள்" என்றான் ஒரு பையன். அனுமதித்தது, 2023 ஜூலையில். அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர் மூலம், குறிப்பிட்ட இரண்டு நோய்களுக்கு மட்டும். வார இறுதியில் கொடைக்கானல் போய்க் காளான் தேடுவதற்கு அது லைசென்ஸ் ஆகாது.

நம் நாட்டுச் சட்டமோ ஆவணப்படம் பார்ப்பதில்லை. 1985-ன் போதைப்பொருள் சட்டப்படி எல்.எஸ்.டி.க்கு 0.1 கிராமே வணிக அளவு. அதற்கு மேல் பிடிபட்டால் குறைந்தது 10 வருடம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. பட்டம் வாங்க அனுப்பிய பிள்ளைக்கு வக்கீல் தேடி நாம் அலைய வேண்டும்.

ஆராய்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடக்கட்டும், இந்தியாவிலும் நடக்கட்டும். ஆனால் தணிக்கை முடியாத கணக்கை வைத்து யாரும் கடன் கொடுப்பதில்லை. மூளையை மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

கடைசியாக, பெற்றோர்களான நமக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஏன் காளானில் மருந்து தேடுகிறான்? "மனசு சரியில்லை" என்று சொன்னால் "செமஸ்டர் ஃபீஸ் எவ்வளவு தெரியுமா" என்று நாம் ஆரம்பித்துவிடுகிறோம். ஊரில் என்றால் சித்தப்பாவோ அத்தையோ காது கொடுத்திருப்பார்கள். இங்கே நாலு சுவர்தான். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனநோய்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே கிடைப்பதில்லை. மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டமே சொல்கிறது. உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். முக்கியமாக, அவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்.