ட்ராஃப்ட் கணக்கை ஆரின்ர பேரில எழுதுறது?

ரொறன்ரோவில இருக்கிற மச்சான்மாரோட ஐஸ் ஹொக்கி கதைச்சுப் பார்த்திருக்கிறீங்களா? மேப்பிள் லீஃப்ஸ் எண்ட பேர் வந்தால் போதும், பழைய பொது முகாமையாளர்கள் எல்லாருக்கும் வரிசையாகத் திட்டு விழும். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தை வெல்லாத அணி. கோபம் நியாயம்தான். ஆனால் 'ஆர் நல்லா ட்ராஃப்ட் செய்தவர்' எண்டு அவர்களுக்குப் புள்ளி போடுற விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ட்ராஃப்ட் எண்டால் வேறொண்டுமில்லை. என்.எச்.எல். அணிகள் வருசாவருசம் பதினெட்டு வயதளவில் இருக்கிற பெடியளை முறை வைத்துத் தெரிவு செய்கிறது. மோசமாக ஆடின அணிகளுக்கு முன்வரிசை, முதலிடங்களுக்குக் குலுக்கல்.

பிரையன் பேர்க்கை எடுங்கோ. 2009இல் ஃபில் கெஸலை வாங்க, பொஸ்டனுக்கு இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளையும் ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவையும் குடுத்தார். அந்தப் பருவத்தில் லீஃப்ஸ் முப்பது அணிகளில் 29ஆவதாக வந்தது. குடுத்த தெரிவுகளில் பொஸ்டன் டைலர் செகினையும் டகி ஹமில்ரனையும் எடுத்தது. இது பிழைதான்: தன்ர அணியின்ர பலத்தை அவர் கூட மதிச்சுப்போட்டார். ஆனால் 2012இல் 5ஆம் இலக்கத்தில் மோர்கன் றைலியை எடுத்தவரும் அவர்தான். றைலி லீஃப்ஸுக்கு விளையாடத் தொடங்கேக்க பேர்க்கின்ர வேலை போயிட்டுது. அடுத்து வந்த டேவ் நோனிஸுக்கும் அதே கதை. 2014இல் 8ஆம் இலக்கத்தில் வில்லியம் நைலாண்டரை எடுத்தார். அந்தப் பெடியன் அணிக்கு வரேக்க அவர் அங்க இல்லை.

2015 இன்னும் வேடிக்கை. நோனிஸை ஏப்ரலில் நீக்கியாச்சு, லூ லமொரியெல்லோ வந்தது ஜூலையில். இடையில் ஜூனில்தான் மிச் மார்னரைத் தெரிவு செய்தார்கள். பொது முகாமையாளர் கதிரையே காலி! அந்தப் புள்ளியை ஆருக்குப் போடுவீங்கள்? 2016இல் குலுக்கலில் முதலிடம் விழுந்தது, ஒஸ்ரன் மத்தியூஸ் கிடைச்சார். அதில் லமொரியெல்லோவின்ர கெட்டித்தனத்தைவிட அதிர்ஷ்டம்தான் கூட. என்னைக் கேட்டால், 2021இல் கைல் டுபாஸ் 57ஆம் இலக்கத்தில் மத்தியூ நைஸைப் பிடிச்சதுக்கு அதைவிடக் கூடப் புள்ளி போடுவன். அந்த வருசம் அவரிட்ட மொத்தமே மூண்டு தெரிவுகள்தான்.

ஆகவே பேர்ப்பட்டியலை மட்டும் பார்க்காதேங்கோ. எத்தனையாம் இலக்கத்தில் எடுத்தார், கையில் எத்தனை தெரிவு இருந்தது, அண்டைக்கு அவருக்கு என்ன தெரிஞ்சிருக்கும், இதுகளைக் கேளுங்கோ.

கடைசியாக ஒண்டு. 2020இல் டுபாஸ் 15ஆம் இலக்கத்தில் றொடியன் அமிறோவைத் தெரிவு செய்தார். அந்தப் பெடியனுக்கு மூளையில் கட்டி வந்தது. 2023 ஓகஸ்டில், 21 வயதில், இறந்துபோனார். தெரிவுப் பட்டியலில் அவருக்கு நேரே 'ஆட்டங்கள்: 0' எண்டுதான் நிக்குது. அதை ஒரு முகாமையாளரின்ர தோல்வியாக எண்ணுற கணக்கு எனக்கு வேண்டாம்.