பெயருக்குக் கிடைக்கும் விலை

கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஓசூர், சூளகிரி, தளி முதலிய இடங்களில் விளையும் காய்கறிகளுக்குப் பெங்களூரே பெரிய சந்தையாகும். ஓசூரிலிருந்து அந்நகர் சுமார் 40 கிலோமீட்டர் தூரமே. செல்வர் நிறைந்த பட்டணம் இத்துணைச் சமீபத்தில் இருந்தும், நம் குடியானவர்களிற் பலர் தக்காளியை நல்லதும் சொத்தையும் கலந்து பெட்டியில் நிரப்பி, தரகர் சொல்லும் விலையைப் பெற்றுத் திரும்புகின்றனர். இதற்குப் பரிகாரம் தேடுவோருக்கு, அதே பெங்களூரில் பெயர் பெற்ற ஒரு கடையின் வரலாறு பிரயோசனப்படும்.

நீலகிரீஸ் என்னும் அக்கடையை 1905ஆம் வருஷம் குன்னூரில் தொடங்கியவர் முத்துசாமி முதலியார். மலையில் குடியிருந்த ஆங்கிலேயருக்குத் தபால் சுமந்தவர் அவர். ஆதியில் அவர் விற்றவை வெண்ணெய் முதலிய பால்பொருள்களே. 1936இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கடை ஏற்பட்டது. நாளடைவில் அது, வாங்குவோர் தாமே பண்டங்களைப் பொறுக்கியெடுக்கும் சூப்பர் மார்க்கெட்டாக விரிந்தது. ஜப்பானிலும் இதற்கு இணையுண்டு. தோக்கியோவில் 1910இல் பழக்கடையாகத் தோன்றிய கினோகுனியா, 1953இல் சூப்பர் மார்க்கெட்டாக மாறி, உயர்ந்த சரக்குக்குப் பெயர் பெற்றது. இங்கே வெண்ணெய், அங்கே பழம். இரண்டும் விவசாயியின் பொருளே. நேற்றுப் பெற்ற தரமே இன்றும் கிடைக்கும் என்ற நிச்சயத்திற்காகவே ஜனங்கள் இத்தகைய கடைகளில் அதிக விலை கொடுக்கின்றனர்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நீலகிரீஸின் பெரும்பங்கு முதலில் ஓர் அந்நிய முதலீட்டு ஸ்தாபனத்திற்கும், பின்னர் 2014இல் பியூச்சர் குழுமத்திற்கும் சென்றது. நூற்றாண்டுப் பழமையுள்ள பெயர் இவ்வாறு விலைபோகும்போது, கடைக்குச் சரக்கு மட்டும் கொடுப்பவருக்கு அவ்விலையில் பங்கு கிடையாது. ஆகவே, பெரிய கடைக்காரர் நம்மைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், விவசாயிகள் தம் சரக்குக்குத் தாமே ஒரு பெயரை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். உற்பத்தியாளர் 10 பேர் சேர்ந்தால், 2002ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் ஏற்பட்ட முறைப்படி தமக்கென ஒரு கம்பெனி பதிவு செய்துகொள்ளலாம்.

தரம் பிரித்தால் கழிக்கப்பட்டதை யார் வாங்குவர் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இரண்டாந்தரக் காய்களுக்கு ஓசூர் உழவர் சந்தை உண்டு. மாம்பழத்திற்குக் கூழ் ஆலைகள் உண்டு. கலந்து விற்பதால் கெட்ட காய் விலையேறுவதில்லை. நல்ல காயே விலையிறங்குகிறது.

எனவே, கிராம உத்தியோகஸ்தர்கள் வரும் அறுவடைக்கு முன்னரே ஊரார் கூட்டம் கூட்டி, தரம் பிரிக்க ஒரு பொதுக் கொட்டகைக்கு இடம் குறிப்பிடுவாராக. பெட்டியின் மேலடுக்கும் அடியடுக்கும் ஒன்றுபோலிருக்க வேண்டுமென்பதே அங்கு முதல் விதியாக இருக்கட்டும்.