வெந்நீர் அடுப்பை யார் மாற்றுவது?

மைசூரின் பழைய வீடுகளில் குளியலறைக்கென்று ஓர் அடுப்பு இருக்கும். செங்கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய மேடை. அதில் அசையாமல் பதித்த செம்பு அண்டா. கன்னடத்தில் அண்டாவை ‘ஹண்டே’ என்பர்; அடுப்பை ‘ஒலெ’ என்பர். இந்த ‘ஒலெ’ நம் ‘உலை’யின் உடன்பிறப்பு. தமிழில் அச்சொல் கொல்லன் பட்டறையிலும் சோற்றுப் பானையிலும் தங்கிவிட்டது. கன்னடத்தில் அன்றாட அடுப்புக்கே பெயராக நிற்கிறது. தீபாவளியை ஒட்டி இந்த அண்டாவைத் துலக்கி, அலங்கரித்து, நீர் நிரப்புவதற்கென்றே ‘நீரு தும்புவ ஹப்பா’ என்றொரு நாள் உண்டு.

இந்த அடுப்பு மறைந்து வருவதற்காக இரங்கி நான் எழுதவில்லை. விறகு வெந்நீரின் மணத்தைப் புகழ்வோர் பெரும்பாலும் அதை மூட்டியவர்கள் அல்லர். விடியுமுன் எழுந்து ஈரமட்டையை ஊதியவர்கள் வீட்டுப் பெண்கள்; புகை சென்றதும் அவர்கள் நுரையீரலுக்குள்தான். அடுப்பு போகட்டும். அதை மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதே என் கேள்வி. இன்றைய கொள்கைகள் அதற்குத் தரும் விடை நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒரு சிறு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வெந்நீர் என்று கொள்வோம். அதன் வெப்பநிலையை 25 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 2.9 யூனிட் ஆற்றல் தேவை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஆனால் திறந்த அடுப்பில் பெரும்பகுதி வீணாகிறது. ஏழில் ஒரு பங்கே நீரைச் சேர்கிறது என்று கொண்டால், நாள்தோறும் 5 கிலோ விறகு வேண்டும். அதே வேலையை மின்சாரக் கீசர் செய்தால் மாதத்துக்கு 87 யூனிட் ஆகும்.

இனி, லட்சுமிபுரத்திலோ கிருஷ்ணமூர்த்திபுரத்திலோ ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் முன் உள்ள வழிகள் மூன்று. சூரிய வெந்நீர்க் கருவி வாங்கினால் எரிபொருள் செலவே இல்லை. ஆனால் 100 லிட்டர் நீர் மட்டுமே 100 கிலோ எடை. மங்களூர் ஓட்டுக்கூரை அதைத் தாங்காது. தாங்கினாலும் கூரை அவருடையதன்று. 2 கிலோவாட் கீசர் வாங்கினால் அது 9 ஆம்பியருக்கு அருகே மின்னோட்டம் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக்குக்கு இழுத்த பழைய கம்பிகளை மாற்றி, எர்த்திங்கும் சரிபார்க்க வேண்டும். சுவரும் அவருடையதன்று. எஞ்சியது எரிவாயுக் கீசர். மலிவானது, ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் நிறமும் மணமும் காட்டாமல் உயிரைப் பறிக்கும். வீட்டின்மேல் உரிமை இல்லாதவருக்கு எளிதில் எட்டும் தூரத்தில் இருப்பது, மூன்றில் மிக ஆபத்தான இதுவே.

அரசின் உதவி யாரைச் சேர்கிறது? குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கியதில் கர்நாடகம் முன்னோடி. அக்கருவி வைத்தோருக்கு மாதம் 50 ரூபாய் வரை மின்கட்டணத் தள்ளுபடியும் நெடுங்காலம் இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது புதிதாக வீடு கட்டுவோரையும் மொட்டைமாடி உடையோரையும் நோக்கியது.

2023இல் வந்த ‘கிருஹ ஜோதி’ வாடகைக் குடித்தனக்காரரையும் உள்ளடக்கியது. அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆயினும் இலவச அளவை அது கணக்கிடும் முறையைக் கவனியுங்கள். 200 யூனிட் என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள், 2022–23இல் அந்த இணைப்பின் மாதச் சராசரி எவ்வளவோ அதனோடு ஒரு சிறு கூடுதல், அவ்வளவே இலவசம். அப்போதே கீசர் வைத்து 150 யூனிட் செலவழித்த வீட்டுக்கு அத்தனையும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விறகில் குளித்து 50 யூனிட்டில் வாழ்ந்த வீடு இன்று கீசருக்கு மாறினால், கூடும் 87 யூனிட்டில் பெரும்பகுதிக்குக் காசு கட்ட வேண்டும். முன்பு புகையைச் சகித்தவருக்கு அந்தச் சகிப்பே தண்டனையாகிறது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் விளைவு இதுதான்.

இக்குறை ஏன் கண்ணில் படவில்லை? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சமையல் எரிபொருளைக் கேட்டது. குளியல் நீரைச் சூடாக்கும் எரிபொருளைக் கேட்கவில்லை. சமையலறைக்குச் சிலிண்டர் வந்ததும் அந்த வீடு ‘தூய எரிபொருள்’ பட்டியலில் ஏறிவிடுகிறது. கொல்லைப்புறத்தில் விறகு எரிந்துகொண்டே இருக்கிறது. மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இது எனக்கு வியப்பளிக்கவில்லை: கேள்வியில் இடம்பெறாத ஒன்று தரவிலும் இடம்பெறாது.

இதே சிக்கலை ஐரோப்பா வேறு வடிவில் சந்தித்தது. அங்கே மாற்ற வேண்டியவை பழைய வீடுகளின் எண்ணெய்க் கொதிகலன்கள். நார்வே 2020இல் கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதைத் தடைசெய்தது. ஜெர்மனியில் 2023இல் நிறைவேறிய சட்டம், புதிதாகப் பொருத்தும் கருவிகள் படிப்படியாக 65 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்றது. பெரும் அரசியல் கொந்தளிப்பு எழுந்தது. செலவை வீட்டுக்காரர்கள் வாடகைமேல் ஏற்றிவிடுவார்கள் என்ற அச்சமும் அதில் ஒன்று. அதனால் அந்த ஏற்றத்துக்குச் சட்டத்திலேயே வரம்பு கட்டினர். அங்கே குடியிருப்பவர் என்றொருவர் சட்டத்தின் கண்ணில் இருக்கிறார். நம் விதிகளில் கட்டடமும் மின் இணைப்பும்தான் இருக்கின்றன.

நான் முன்வைப்பவை மூன்று. விறகைக் கைவிடும் வீட்டுக்கு ‘கிருஹ ஜோதி’யின் இலவச அளவை ஒருமுறை திருத்தித் தர வேண்டும். பழைய வாடகை வீட்டின் கம்பிகளையும் எர்த்திங்கையும் புதுப்பிக்கும் உரிமையாளருக்கு உதவித்தொகை கொடுத்து, அச்செலவைக் காட்டி வாடகையை உயர்த்துவதற்கு வரம்பு வைக்க வேண்டும். கூரையைச் சாராத வெப்ப விசைக்குழாய்களுக்கும் மானியம் வேண்டும். காற்றின் வெப்பத்தை இழுத்து நீருக்குத் தரும் இக்கருவிகள், கீசர் 3 யூனிட்டில் செய்வதை ஏறத்தாழ 1 யூனிட்டில் செய்யும், தரையிலேயே வைக்கலாம். இன்று அவற்றைத் தள்ளி நிறுத்துவது விலை ஒன்றே.

ஆற்றல், நகரியல், பெண்கள் நலம் ஆகிய துறைகளில் களஆய்வு செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வினாநிரலில் ஒரு வரி சேருங்கள்: ‘குளிக்கும் நீரை எதில் சூடாக்குகிறீர்கள்?’ அதற்கடுத்து, ‘இந்த வீடு உங்களுடையதா?’ என்றும் கேளுங்கள். இரண்டு விடைகளையும் சேர்த்துப் படித்தால்தான் விறகு ஏன் இன்னும் எரிகிறது என்பது விளங்கும்.